துரையின் தூண்டிலும் குதிரையின் வாலும்

விடியலில் தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்படிக்கும் முன்பே குதிரைக்காரர் அழகையா வாலைச் சீவத் தொடங்கிவிடுவார். சீப்போடு வரும் முடியில் ஒன்றையும் கீழே விடமாட்டார். ஒவ்வொன்றாக எடுத்து மூங்கில் குழாயில் போட்டு மூடுவார். "விழுந்தத எடுத்து வச்சா இருக்கிறதப் புடுங்க வேணாம் பாருங்க, மொதலாளி" என்பார். அதற்குள் குதிரை அவரை இரண்டு தரம் உதைத்திருக்கும்.

என் கடையிலிருந்து குதிரைக்குக் கொள்ளு கொண்டுபோகும் நாட்களில்தான் எனக்கு இந்தக் காட்சி. மற்றவர்கள் சாமி கும்பிடும் முகத்தோடு அவர் வாலைப் பார்ப்பார். "வீட்டு எண்ணெ பூரா வாலுக்குத்தான் போவுது. எங்க கொழம்பு தண்ணியாட்டம் இருக்கு" என்று அவர் மனைவி இராக்கம்மா என்னிடம் முறையிட்டாள். அவர் காதில் விழவில்லை, விழுந்தாலும் ஏறியிருக்காது.

எல்லாவற்றுக்கும் காரணம் பெரியதுரையின் மீன் பைத்தியம். மலை ஓடையில் டிரவுட் மீன் பிடிக்கச் சீமையிலிருந்து பட்டுக் கயிறு வாங்கி வைத்திருந்தார். அடைமழையில் அது உளுத்துப்போயிற்று. பண்டாரவளைக்கு ரயில்கூட வந்துவிட்டது. புதுக் கயிறு வரவில்லை. தன் தாத்தா குதிரை முடியில் தூண்டில் கயிறு திரித்தது துரைக்கு ஒருநாள் நினைவுக்கு வந்தது. அன்று பிடித்தது அழகையாவுக்குச் சனி.

துரையின் தூண்டிலில் புழுவும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. கோழி இறகில் கட்டிய பொய் ஈ ஒன்றுதான். ஊதினால் பறக்கும் சாமானை எப்படி அத்தனை தூரம் எறிவது என்று அழகையாவிடம் கேட்டுவிட்டேன். கொள்ளு மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் பாடம் நடத்தத் தொடங்கினார்.

"ஈய எறியலீங்க, கயித்தத்தான் எறியிறோம். கயித்துக் கனத்துல கம்பு வளையும். வளஞ்சது நிமிரயில கயிறு பறக்கும். ஈ சும்மா வண்டியில தொத்திக்கிட்டுப் போற ஆளு."

முதலில் பன்னிரண்டு துண்டு திரித்து முடிந்தார். துண்டுக்குப் பதினெட்டு முடி. கயிறு தண்ணீரில் சளாரென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் மீனெல்லாம் மொனராகலைக்கே போயிருக்கும். அடுத்தது துண்டுக்கு நாலே முடி. கம்பு வளையவே இல்லை. காற்று கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்து துரையின் மூக்கில் சுற்றிவிட்டது.

மூன்றாவது கயிறு அழகையாவின் மூளை. கம்புப் பக்கம் பதினெட்டு. துண்டுக்குத் துண்டு குறைந்து, ஈப் பக்கம் மூன்று. "தூக்கிட்டுப் போக அங்கிட்டுக் கனம், மெதுவா ஒக்கார இங்கிட்டு மெலிசு." பங்களா முற்றத்தில், கோழிகள் சிதறி ஓட, பத்து நாள் வீசிப் பழகினார். கடைசியில் முப்பதடி தள்ளி வைத்த சிரட்டைக்குள் ஈ போய் உட்கார்ந்தது. மீன் ஆசையென்று நினைத்துவிடாதீர்கள். டிரவுட்டைவிடக் கருவாடு மேல் என்பவர் அவர். "இருநூத்திப் பதினாறு போன எடத்துல நூத்தி இருபத்தாறு. தொண்ணூறு முடி மிச்சங்க!" என்றபோது கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. லாயத்துக்குள் பார்த்ததும் அடங்கிவிட்டது. மூன்று கயிற்றுக்கும் முடி கொடுத்துக் குதிரையின் வால் பாதியாகியிருந்தது. பின்தொடையில் மொய்த்த ஈக்களை அது எட்டவில்லை. "வாயில்லாச் சீவன். வால விட்டா அதுக்கு வேற என்னங்க இருக்கு?" என்று இலைக்கொத்தால் வீசிக்கொண்டே கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை துரை குதிரையில் ஓடைக்குப் போனபோது அழகையாவோடு நானும் போயிருந்தேன். துரை வீசிய முதல் வீச்சில் புதுக்கயிறு அழகாக நீண்டு போய், ஈ சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கியது. துரை துள்ளிக் குதித்தார். அதே துள்ளலில், பின்னால் மரம் நிற்பதை மறந்து மறுபடி வீசினார். ஈ உச்சிக்கிளையில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தார். ஐந்து துண்டு மரத்தோடு போயிற்று.

"அழகையா! கத்தி கொண்டு வா. வால் எல்லாம் வெட்டு. இந்தத் தடவை முழுக்கப் பெரிய கனம் போடு. அப்போ அறுக்காது!"

அழகையா கத்தியைத் துரை கையில் கொடுத்தார். குதிரைக்கும் துரைக்கும் நடுவே வந்து நின்று, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். குடுமியை அவிழ்த்தார். துரைக்கு முதுகைக் காட்டி, எட்டுவதற்கு வசதியாக முழங்காலை மடக்கித் தணிந்தார்.

"ஒரு மொழத்துக்கு மேல இருக்குங்க, தொர" என்று சொல்லி, நுனியைத் தானே பிடித்து விறைப்பாக இழுத்துக் காட்டினார்.