காது குடையும் சீடர்

மகேந்திரராஜா 1985இல் இலங்கையிலிருந்து ஜெர்மனியின் டுசல்டோர்ஃபுக்கு வந்தார். பதினான்கு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். முதுகு விட்டுப்போன பிறகு ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் காவலர் வேலை கிடைத்தது. சாம்பல் நிறக் கோட்டு, ஒரு நாற்காலி.

2009 மார்ச்சில் அவரை நிலவறைக் கூடத்துக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லை. சுவரில் ஒரே ஒரு பழைய ஜப்பானியத் தொங்கு சுருள். பழுப்பேறிய பட்டில் புத்தரின் சீடர்கள் பதினாறு பேர். ஒருவர் புலியைத் தடவுகிறார். ஒருவர் கந்தை தைக்கிறார். கீழ் மூலையில் ஒருவர் கண்ணை மூடிக் காது குடைகிறார்.

மேலே, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி வைப்பது இன்னொரு இலங்கைத் தமிழரான சில்வெஸ்டர்.

"என்ன அண்ணை, பதினாறு பிக்குமாருக்கு நீங்களோ காவல்? கொழும்புக்குத் தெரிஞ்சால் பட்டம் தருவாங்கள்."

"ஒருத்தரும் ஓடேல்லை."

தங்கை மகாதேவி வன்னியில், சண்டைக்குள் இருந்தாள். யாரிடமாவது சாட்டலைட் போன் கிடைத்தால் அண்ணனுக்கு எடுப்பாள். திருப்பி எடுக்க முடியாது. கூடத்தில் கைத்தொலைபேசிக்குத் தடை. காலையில் அதைச் சில்வெஸ்டரிடம் கொடுத்துவிட்டு இறங்குவார். கீழே சிக்னல் வராது என்று அவர் சில்வெஸ்டரிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

ஏப்ரல் இருபதாம் திகதி சில்வெஸ்டர் போனைக் காதில் வைத்தபடி படியிறங்கி ஓடி வந்தார்.

"இந்தா, குடுக்கிறன் தங்கச்சி."

மகேந்திரராஜா வாங்கிக் காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"இப்பதானே கதைச்சவ," என்றார் சில்வெஸ்டர்.

"என்ன சொன்னவ?"

"அண்ணை நிக்கிறாரோ எண்டு கேட்டவ. நிக்கிறார், பிடியுங்கோ எண்டன்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை. நான் மேலையே நிண்டு உங்களைக் கூப்பிட்டிருக்கோணும், அண்ணை."

"உமக்குத் தெரியாதுதானே."

இருவரும் மேலே போய் நின்றார்கள். போன் அடிக்கவில்லை. அவர் நாற்காலிக்குத் திரும்பினார்.

மே நடுவில் சண்டை முடிந்தது. முகாம்களில் இருந்து வந்த பட்டியல்களில் மகாதேவியின் பெயர் இல்லை. அவர் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை.

மாதக் கடைசியில் சுருளை இறக்கினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பட்டு வெளிச்சம் தாங்காது. வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பெண்கள் கீழிருந்து சுருட்டினார்கள். காது குடைபவர் முதலில் மறைந்தார்.

"இனி எப்போது?" என்று மகேந்திரராஜா ஜெர்மனில் கேட்டார்.

"ஐந்து வருடத்துக்குப் பிறகு."

தலையாட்டினார். மாலை ஐந்து வரை வெறும் சுவர் முன் இருந்தார்.

மறுநாள் காலை போனைச் சில்வெஸ்டரிடம் நீட்டினார். சில்வெஸ்டர் வாங்கி, ஜன்னலோரம் வைத்தார்.