பீரங்கிக்காரச் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்த நாள்

போன மாதம் தர்மபுரியில் காது பரிசோதனைக்குப் போயிருந்தேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். பதினேழு முறை தூக்கினேன். மொத்தம் எத்தனை சத்தம் என்று கேட்டேன், அந்தப் பெண் சொல்லவில்லை. மொத்தம் தெரியாமல் ஒரு காரியத்தை விட்டுவந்தால் எனக்கு நாலு நாள் நிம்மதி கிடையாது. மறுபடியும் கேட்டேன். அவள் எழுந்து என் எதிரே வந்து நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, “ஒண்ணும்… பயப்படாதீங்க… ஐயா” என்றாள். கோபம் வந்திருக்க வேண்டும். வருவதற்குள் ஏரியூர் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் தம்பியான என் சித்தப்பா ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். பதினோரு வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றதில் இரண்டு காதும் போய், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காதோடு வாய் வைத்துக் கத்தினால் ஏதோ கேட்கும். சாதாரணப் பேச்சு கேட்காது. பெண் தேடியபோது இரண்டு வீடுகளில் இதைச் சொன்னோம். இரண்டு இடமும் தட்டிப்போயின. மூன்றாவதாக ஏரியூர்ப் பக்கம் ஒரு வீடு அமைந்தது. இதுவும் போனால் சித்தப்பா இனிப் பெண் பார்க்கவே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனவே இந்த வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று அம்மா முடிவு செய்தாள்.

அப்பா, அம்மா, சித்தப்பா என்று மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது, அதனால் நாலாவதாகப் பையனும் வருகிறான் என்பது வெளியே சொன்ன காரணம். உண்மையில் அன்றைக்கு நான்தான் சித்தப்பாவின் காது.

அவர் தொடையை ஒட்டி உட்கார்ந்து, வேட்டி மடிப்பு மறைவில் விரலால் அழுத்த வேண்டும். ஒரு முறை அழுத்தினால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. மூன்று என்றால், “அதெல்லாம் அண்ணன் பாத்துக்குவாருங்க” என்று சொல்ல வேண்டும். நான்குக்குச் சிரிக்க வேண்டும். ஐந்துக்குக் குரலைக் குறைக்க வேண்டும். தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் எப்போதும் மைதானத்தில் நிற்பவர்போலத்தான் பேசுவார். மூன்று நாள் பழகினோம். தொண்ணூறு தடவையில் நான் தவறியது நான்கு.

“டேய், நாலு அழுத்திட்டு ரோசன பண்ணாதடா,” என்றார் சித்தப்பா. “நான் சிரிக்கறதா அடங்கறதான்னு தெரியாம முழிக்கிறேன்.”

பென்னாகரத்தில் பஸ் ஏறினோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து புளியமரங்களை எண்ணிக்கொண்டே போனேன். நூற்றுப் பன்னிரண்டு. இறங்கும்போது அம்மா என் காதைப் பிடித்து, “தப்பா அழுத்தினீன்னா உன்னை அந்த வூட்லயே வுட்டுட்டு வந்துடுவேன்” என்றாள்.

பெண்ணின் அப்பா கல்குவாரியில் பாறைக்கு வேட்டு வைப்பவர். இடது கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன. நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்பவரின் வாயையே உற்றுப் பார்ப்பார். அந்த வீட்டுக்காரர்கள் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், எதிரே வந்து நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்கள். ஏரியூர்ப் பக்கப் பேச்சு இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

சமையலறைக்கு முதுகைக் காட்டியபடி போட்டிருந்த நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.

“தம்பிக்கு பங்கு நெலம் எத்தன ஏக்கருங்க?” என்று பெண்ணின் அம்மா கேட்டாள்.

மூன்று ஏக்கர். எண்களுக்கு நாங்கள் குறி வைத்துக்கொள்ளவில்லை. வேறு வழி தெரியாமல் மூன்று முறை அழுத்தினேன்.

“அதெல்லாம் அண்ணன் பாத்துக்குவாருங்க,” என்றார் சித்தப்பா.

பெண்ணின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பியா!” என்றாள். அப்பா கீழே குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார்.

அப்புறம் பெண்ணின் அப்பா முன்னால் நகர்ந்து, இரண்டு கைகளாலும் குழாய்போலக் காட்டி, வீடே அதிரும்படி, “பீரங்கியில மருந்து எப்படிங்க கெட்டிப்பீங்க?” என்றார். இது சித்தப்பாவுக்கே கேட்டது. ஆரம்பித்தார். தான் பேசிக்கொண்டே இருந்தால் யாரும் எதுவும் கேட்க முடியாது என்பதை அந்த நிமிடம் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஆதியில் பீரங்கிக்குக் கல்லைத்தான் குண்டாகச் செதுக்கினார்களாம். “உங்க தொழில்தாங்க எங்க தொழிலுக்கே தாயி,” என்றார். பிறகு இரும்புக் குண்டு வந்தது. பனை உயரக் கோட்டைச் சுவர்களெல்லாம் முதலில் சரிந்தன. அதைப் பார்த்த ராஜாக்கள் சுவரைக் குட்டையாக்கி, தடியாக்கி, மண்ணைக் கொட்டினார்கள். ஒரு பெரிய பீரங்கியை இழுக்க ஏகப்பட்ட ஜோடி எருதுகள் வேண்டும், எருது செத்தால் சண்டையும் நின்றுபோகும். மைசூர்ப் படைக்காரர்கள் இரும்புக் குழலில் மருந்தைத் திணித்து, மூங்கிலில் கட்டி, வானத்தில் தீயாய் ஓடவிட்டார்கள். சுட்டதும் பின்னால் துள்ளுகிற பீரங்கியை ஒவ்வொரு முறையும் தள்ளி நிறுத்தி மறுபடி குறி பார்த்த காலம் போய், சக்கரம் நகராமல் குழாய் மட்டும் பின்னால் போய்த் தானாகத் திரும்பும் பீரங்கி வந்தது. அதற்கப்புறம் குண்டு மழைதான்.

“மொதல்ல ஒசரமா செவுரு கட்டுனாங்க, அப்புறம் குட்டையா கட்டுனாங்க, கடைசியில குழி தோண்டி உள்ளாற பூந்துக்கிட்டாங்க,” என்றார் சித்தப்பா.

மதிய வெயில் ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் ஏழு வட்டங்களாக விழுந்துகொண்டிருந்தது. நான் விரலை மறந்தேன். அந்தக் கூடத்தின் வழியே எருதுகள் வரிசையாக நடந்து போயின. அவற்றின் மூச்சு என் முழங்காலில் பட்டது. கொம்புகளுக்கு மேலே, உத்திரத்தை உரசிக்கொண்டு, நெருப்பு வால்கள் ஒரு சத்தமும் இல்லாமல் மேற்கே காவிரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எத்தனை ஜோடி என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். பத்தொன்பதோ இருபதோ.

“இப்பல்லாம் எங்க வுழுதுன்னு நாங்க பாக்கறதில்லீங்க,” என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். “ஃபோன்ல நம்பர் சொல்லுவாங்க. திருப்பி வெச்சு சுடுவோம். பத்து மைலுக்கு அந்தாண்ட யாரு இருக்காங்களோ.” நான் அழுத்தாமலே அவர் குரல் இறங்கியிருந்தது.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளம் ஒன்று சிமெண்ட் தரையில் விழுந்தது. அது உருண்டு, சுழன்று, அடங்குவதற்கு ஏழு எண்ணிக்கை ஆயிற்று. அம்மா துள்ளி எழுந்தாள். அப்பா திரும்பினார். வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து ஓடியது. சித்தப்பா மட்டும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எருதுகளை விட்டுவிட்டுப் பதறிப்போய் அழுத்தினேன். நான்கு முறை. சித்தப்பா சிரித்தார்.

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் பெண் நின்றுகொண்டிருந்தாள். “கை தவறிடுச்சுங்க,” என்றாள். தாம்பாளத்தில் எதுவும் இருந்திருக்கவில்லை. தரையில் ஒரு சொட்டுக் காப்பிகூட இல்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், விளிம்புவரை நிரம்பிய ஐந்து டம்ளர்களை அதில் வைத்து, ஒன்றும் தளும்பாமல் கொண்டுவந்தாள். இவ்வளவு திடமான கையிலிருந்து வெறும் தாம்பாளம் எப்படி நழுவும் என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் அவள் உள்ளே போகவில்லை. சுற்றிக்கொண்டு வந்து சித்தப்பாவின் எதிரே, வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றாள். பெண் பார்க்கும் இடத்தில் பெண் இப்படி நின்று நான் கேள்விப்பட்டதில்லை. வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, “எனக்கு… சம்மதமுங்க. உங்களுக்கு?” என்றாள்.

என் விரல் மடிப்புக்குள் தயாராக இருந்தது. ஆமாமா, இல்லையா, அண்ணனா என்று நான் யோசிப்பதற்குள், “சம்மதமுங்க,” என்றார் சித்தப்பா. குரல் அளவாக இருந்தது. நான் அழுத்தவே இல்லை. ஒரு முறைகூட அழுத்தவில்லை.

பெண்ணின் அப்பா மூன்று விரலால் தொடையைத் தட்டிக்கொண்டு, “என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?” என்று எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் சித்தப்பா முன் இருக்கையில் உட்கார்ந்து, காற்றில் துண்டு பறப்பதுகூடத் தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு மனசு ஆறவில்லை. நாம் ஒன்றை மறைக்கப் போனோம், அவர்கள் இன்னொன்றை மறைத்து நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. அம்மாவின் புடவையை இழுத்தேன்.

“அம்மா, அந்தப் பொண்ணுக்குப் பேச்சு சரியா வரலம்மா. எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசுச்சு. நம்ம சித்தப்பாகிட்ட மட்டும் வாய் கோணுது.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவின் முதுகைப் பார்த்தாள். எட்டி, பறந்துகொண்டிருந்த துண்டை இழுத்து அவர் தோளில் போட்டாள்.

நான் மறுபடியும் புளியமரங்களை எண்ணத் தொடங்கினேன். பென்னாகரம் வந்தபோது நூற்றுப் பதினொன்றுதான் ஆகியிருந்தது. எங்கேயோ ஒன்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன் என்று அன்று முழுவதும் தவித்துக்கொண்டிருந்தேன்.