மாமனார் பெயருக்கு மேலே

பேனர் அடிக்கும் கடையில் வேலை என்பதால் அந்த வீட்டு மருமகளுக்கு ‘பேனர்’ என்றே பெயர். வாயும் அதே அளவுக்குப் பெரிசு. குடும்பத்தார் பெயர்களை ஒரு வட்ட அட்டையில் அவள்தான் அச்சடித்தாள். நடுவில் மாமனாரைப் பெற்றவர்கள், சுற்றி அவரும் அண்ணன் தம்பிகளும், வெளி வளையத்தில் பிள்ளைகளும் மருமகள்களும்.

கூடத்துச் சுவரில் ஒட்டியதுமே மாமனார் குதித்தார். “அண்ணன் பேரு மேல ஜம்முன்னு இருக்கு. நான் மட்டும் அடியில தலைகீழாத் தொங்கணுமா?”

“வட்டத்துல ஏது மாமா மேலயும் கீழயும்?”

“எனக்குக் கதை சொல்லாதே!”

பேனருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அட்டையைப் பிய்த்தெடுத்து, நட்ட நடுவில் ஒரே ஒரு ஆணி அடித்து மாட்டினாள். “இந்தாங்க, சுத்திக்கோங்க!”

மாமனார் சுற்றினார். அவர் பெயர் நிமிர்ந்து மேலே வந்தது. கூடமே கைதட்டியது. அவர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

“மாமா, உங்களுக்கும் மேல யாருன்னு பாருங்க.”

அண்ணாந்து பார்த்தார். அவர் பெயருக்கு நேர் மேலே, வெளி வளையத்தில், மகன் பெயரோடு அவள் பெயர்.

ஒரு கணம் முறைத்தார். பிறகு வெடித்துச் சிரித்தார்.

“இனிமே எவனும் இதைச் சுத்தக் கூடாது!”