காய்ந்த போருக்குள் விட்ட தண்ணீர்

தண்டாயுதபாணியை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. ஆள் பார்வைக்குச் சுத்தக்காரர். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு டீ பட்டால் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டுதான் வருவார். ஆனால் அந்தச் சுத்தமெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு முடிந்துவிடும்.

இளவயதிலேயே போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறிப் போனவர். சத்தீஸ்கர், ஒடிசா என்று அலைந்து, பாறைப் புழுதியைத் தின்று, டிரில்லராகி, கடைசியில் வண்டியிலும் ஒரு பங்கு வாங்கினார். அந்த உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். பாறைக்குள் எந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் எங்கே போகும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லுவார். ஊர் திரும்பியதும், ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகும் சாலையோரம் இருந்த தன் பூமியில் லாரிக்காரர்களுக்கென்று ஒரு மெஸ் போட்டார். சாப்பாடு, குளியல், கக்கூஸ், வண்டி நிறுத்த இடம் எல்லாம் அங்கேயே.

கட்டடம் கட்டிய மேஸ்திரி நான்தான். கழிவுநீருக்கும் நானே திட்டம் போட்டுக் கொடுத்தேன். மூன்று அறை செப்டிக் டேங்க். சமையல்கட்டுத் தண்ணீரில் வரும் எண்ணெயைப் பிடிக்கத் தனித் தொட்டி. டேங்கில் தெளிந்து வருவது பின்பக்கம் ஜல்லியும் மணலும் கொட்டிய நீளப் பாத்தியில் இறங்கி, கல்வாழை வேரில் வடிய வேண்டும். அங்கே செம்மண் கொஞ்சம்தான், கீழே முழுக்கப் பாறை. சும்மா ஒரு குழி தோண்டி விட்டால் தாங்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டேங்கைக் கட்டவிட்டார். பாத்தி அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த இடத்தில் இன்னும் இரண்டு லாரி நிற்குமாம்.

நான் வேறு வேலைக்குப் போனதும் பின்வேலி ஓரம் இருந்த பழைய போர் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. தண்ணீர் வராமல் கைவிட்ட போர். டேங்கிலிருந்து குழாயை இழுத்து அதற்குள் விட்டுவிட்டார். கக்கூஸ் தண்ணீர், டிரைவர்கள் குளித்த சோப்பு நுரை, கோழிக் குழம்புச் சட்டி கழுவியது எல்லாம் நேராகப் பாறைக்குள். மெஸ்ஸில் ஒரு துளி தேங்கவில்லை, வாடையில்லை. வந்தவர்களிடமெல்லாம் இடத்தைச் சுற்றிக் காட்டிப் பெருமையடித்தார். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. சீ, இதுவும் ஒரு பெருமையா?

வேலிக்கு அந்தப் பக்கம் பழனியம்மாள் வீடு. புருஷன் இல்லை, மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். வீட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பது ஒரே போர். ஒரு மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் அழுகின முட்டை வாடை அடித்தது. மாடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறின. பாத்திரம் கழுவுகிற தண்ணீரே நாறினால் பாலை யார் வாங்குவார்கள்? தண்டாயுதபாணியிடம் போய்ச் சொன்னார். தண்ணீரில் ஒரு கேடும் இல்லை, உங்கள் போரில் இறக்கிய கேசிங் பைப் துருப்பிடித்திருக்கும், அதை மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆயுசெல்லாம் போர் போட்டவர் சொல்கிறாரே என்று அந்த அம்மாளும் நம்பினார்.

பைப்பைப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார். வாளித் தண்ணீரை முகர்ந்ததும் இது துரு வாடை இல்லை என்று தெரிந்தது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன், டேங்க் குழாய் பழைய போருக்குள் இறங்குவது தெரிந்தது. பழனியம்மாளிடம் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்போது வாசலில் தண்டாயுதபாணியும் அவர் மனைவி சரிதாவும் வந்து நின்றார்கள். மகள் தமிழினிக்குக் கல்யாணம். தட்டில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை வாங்கிக் குடிக்காமல் பத்திரிகை நீட்டினால் மரியாதை இல்லை. பழனியம்மாள் உள்ளே போய் இரண்டு சொம்பு கொண்டுவந்தார்.

"குடிங்க. ஒரு கேடும் இல்லீன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

இப்போதுதான் டீ குடித்தேன் என்று முனகிக்கொண்டே தண்டாயுதபாணி சொம்பைக் கீழே வைத்தார். பார்க்கவே கேவலமாக இருந்தது. சரிதாவுக்கு அந்தக் குழாய் தெரியும், அது இந்தத் தண்ணீரில் கலப்பது தெரியாது. வாடை தட்டி முகம் சுளித்தாலும், கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று சொம்பை வாய்க்குக் கொண்டுபோனார். தண்டாயுதபாணி பாய்ந்து தட்டிவிட்டார். சொம்பு உருண்டது. பத்திரிகைகள் நனைந்தன.

சரிதா நனைந்த சேலையோடு கணவரையே பார்த்தார்.

"அப்ப தெரிஞ்சேதான் உட்டீங்களா?"

அவர் குனிந்து நனைந்த பத்திரிகைகளைப் பொறுக்கினார்.

மறுநாளே குழாயைப் பிடுங்கினோம். லாரி நிற்கிற இடத்தில் பாத்தி வந்தது. கல்வாழை பூத்ததும் வருகிறவர்களிடம் அதையும் காட்டிப் பெருமையடிக்க ஆரம்பித்துவிட்டார், வெட்கம் கெட்ட மனுஷன். பாறைக்குள் இறங்கியதை யார் எடுக்க முடியும்? பழனியம்மாளின் மாடுகள் இன்றைக்கும் டேங்கர் தண்ணீர்தான் குடிக்கின்றன.

தமிழினி கல்யாணத்துக்குப் பழனியம்மாள் வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டார். பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் தண்டாயுதபாணி தண்ணீர்ச் சொம்போடு பந்தி நெடுக வந்தார். பழனியம்மாள் தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.