ஈதரின் பக்கம் நின்று பேசியவர்

செங்கேணி டீச்சர் இறந்துவிட்டார் என்று எனக்கு முதலில் சொன்னவர், அவரோடு பல வருடம் சண்டை போட்ட கலியபெருமாள். ஒதியம்பட்டில் நெல்லும் கரும்பும் பயிரிடுகிறவர். முதல் பீரியட் முடிந்து வகுப்பை விட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. "சார், டீச்சர் பூட்டாங்க சார்" என்றார். மாரடைப்பு. 

மதியத்துக்குள் இன்னொரு செய்தி செல்போன் செல்போனாகச் சுற்ற ஆரம்பித்தது. "சார்பியல் கொள்கையைத் தோற்கடித்த ஈதர் அம்மா மறைந்தார்." கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள்.

டீச்சரை அறிந்தவர்களே, அது பொய். உயிரோடு இருந்தவரை அந்தப் பொய்யை அவரே மறுத்துவந்தார். இனி அவர் வந்து மறுக்க முடியாது. அதனால் நான் எழுதுகிறேன். அஞ்சலியில் சச்சரவு எதற்கு என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நானும் டீச்சரும் பாகூர்ப் பக்கத்தில் ஒரே பள்ளியில் இயற்பியல் நடத்தினோம். அவர் எனக்கு எட்டு வருடம் மூத்தவர். பூரணாங்குப்பத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். வில்லியனூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் அறிவியல் மன்றத்தில் ஒருநாள் பட்டிமன்றம் வைத்தோம். ஒளி செல்ல ஈதர் என்றொரு ஊடகம் வேண்டுமா, வேண்டாமா? சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு ஈதர் விழுந்தது, எனக்குச் சார்பியல். ஜெயித்த கட்சி கிடைத்துவிட்டது என்று நான் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் போனேன். அவர் ஒரு மாதம் படித்துவிட்டு வந்திருந்தார்.

"நான் கடலோரத்துல பொறந்தவ. அலைன்னா தண்ணி அலையுது. சத்தம்னா காத்து அலையுது. ஒளியும் அலைன்னு சார் பாடம் நடத்துறாரு. அங்க இன்னா அலையுது? ஒண்ணுமே இல்லாத எடத்துல ஒண்ணுமில்லாதது அலையுமா?" என்று ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டியது.

நான் அமெரிக்காவில் நடந்த பழைய சோதனை ஒன்றைச் சொன்னேன். பூமி ஈதருக்குள் ஓடுகிறது என்றால், ஓடும் திசையில் போய்த் திரும்பும் ஒளிக்கும் குறுக்கே போய்த் திரும்பும் ஒளிக்கும் நேரம் வேறுபட வேண்டும். கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார்கள், வேறுபடவில்லை. அவர் அசரவில்லை. "ஈதருக்குள்ள ஓடுற பொருள் ஓடுற பக்கமா கொஞ்சம் சுருங்குதுன்னு ஒரு ஹாலந்து பேராசிரியர் சொன்னாரு. அளக்குற கோலே சுருங்கினா வித்தியாசத்த எப்டி சார் கண்டுபுடிப்பீங்க?" நான் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டெடுப்பில் ஏறக்குறைய எல்லாக் கைகளும் ஈதருக்கு உயர்ந்தன.

அப்போதுதான் அவர் மைக்கைத் திரும்ப வாங்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "கைய எறக்குங்க. ஈதர் ஜெயிக்கல. சார் படிக்காம வந்தாரு, அவ்ளோதான். நான் சொன்னதுல ஓட்டை எங்கன்னு சொல்லாம யாரும் வூட்டுக்குப் போவக்கூடாது" என்றார். பிறகு அவரே விளக்கினார். ஹாலந்துக்காரரின் சமன்பாடுகளும், பேட்டன்ட் ஆபீசில் வேலை பார்த்தபடி சார்பியலைக் கண்டுபிடித்த இளைஞனின் சமன்பாடுகளும் ஒன்றே. ஆனால் முன்னவருக்கு ஈதர் தேவைப்பட்டது. எப்படித் தேடினாலும் கைக்குச் சிக்காத ஈதர். இளைஞன் வேறு இடத்தில் கைவைத்தான். இரண்டு சம்பவங்கள் ஒரே நேரத்தில் நடந்தன என்கிறோமே, யாருடைய கடிகாரத்தில் என்று கேட்டான். அதற்கு விடை சொல்லி முடித்தபோது ஈதருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவமானமாக இருந்தது. பல வருடம் நடத்திய பாடத்தை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

கூட்டத்தில் யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். கைகள் உயர்ந்த இடத்தோடு அதை வெட்டிப் பரப்பிவிட்டார்கள். கலியபெருமாள் அதைப் பார்த்தார். ஈதர்தான் ஆகாயம், அதை ஐந்தாம் பூதமாகச் சொன்ன நம் முன்னோர்கள் சரி என்று ஒரு டீச்சர் நிரூபித்துவிட்டார் என்று அவர் மனதார நம்பினார். ஒரு கல்யாண மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். "பொன்னாடைதானே, வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றார்கள் பள்ளியில். நானும் அதையேதான் சொன்னேன். மறைக்க விரும்பவில்லை.

டீச்சர் போனார். பொன்னாடையைத் தோளில் விழவிடாமல் கையில் வாங்கி, மடித்து, கலியபெருமாளிடமே கொடுத்தார். "இது எனக்கு வேணாம்பா. நான் பேசினதுல பாதியத்தான் நீங்க பாத்தீங்க. முன்னோர்மேல எனக்கும் மரியாத உண்டு. அதுக்கோசரம் அவங்க சொல்லாதத அவங்க சொன்னதா சொல்ல மாட்டேன்." கீழே கத்தினார்கள். மைக்கை நிறுத்தினார்கள். மைக் இல்லாமலே பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

கல்வித்துறைக்குப் புகார்கள் பறந்தன. அடுத்த ஆண்டு காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. மன்னிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தால் நிறுத்திவிடலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். "எதுக்கு மன்னிப்பு?" என்று மட்டும் அவர் கேட்டார். பெட்டியோடு பஸ் ஏறினார். மூன்று வருடம் அங்கே இருந்தார்.

திரும்பி வந்தபின் ஒரு பந்த் நாள். பஸ் லாரி ஓடாது, தரை அதிராது என்பதற்காகவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வயலின் மோட்டார் கொட்டகையில், காற்றடித்த லாரி டியூப்மேல் ஒரு கருங்கல் பலகையை வைத்து, அந்த அமெரிக்கச் சோதனையைப் போலவே லேசர் பேனாவும் மூன்று கண்ணாடித் துண்டுகளும் பொருத்தினோம். கலியபெருமாளையும் வரச்சொல்லியிருந்தார். அவர் பைக்கில் வந்து, முறைத்துக்கொண்டே நின்றார்.

சுவரில் சிவப்பும் கறுப்புமாக வரிகள் விழுந்தன. ஈதர் இருந்தால், பலகை திரும்பும்போது வரிகள் நகர வேண்டும். மெதுவாகத் திருப்பினோம். வரிகள் நடுங்கின, அடங்கின, இருந்த இடத்திலேயே நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா கலியபெருமாள்? ஈதர் இல்ல!" என்று கத்தினேன்.

"கம்னு இருங்க சார்!" டீச்சரின் கோபம் என்மேல் திரும்பியது. "நம்ம பலகை ஒரு முழம். ஈதர் இருந்தாலும் இந்த வரி நூத்துல ஒரு பங்குகூட நகராது. உங்க கண்ணுக்குத் தெரியுமா அது? தெரியாதத தெரிஞ்சதா சொல்றீங்க. கலியபெருமாள் செஞ்சதும் அதான், நீங்க செய்றதும் அதான்."

கலியபெருமாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எத வெச்சு டீச்சர் நீங்க இல்லன்றீங்க?"

"பெரிய கருவி வெச்சு, பல நாட்டுல, பல தடவ, இதவிடப் பல மடங்கு நுட்பமா பாத்திருக்காங்க. அத நம்புறேன். இந்தக் கல்ல வெச்சு இல்ல. உண்மைக்காகக்கூட பொய் சொல்லக் கூடாது சார்." கடைசி வாக்கியம் எனக்கு.

கலியபெருமாள் அன்று மனம் மாறவில்லை. இன்றும் மாறவில்லை. ஆனால் அதன்பிறகு மாதாமாதம் மன்றத்துக்கு வந்து, டீச்சருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து சண்டை போட்டார். தன்னை ஏமாற்றாத ஒரே எதிராளி அவர்தான் என்று அடக்கத்தன்று என்னிடம் சொன்னார்.

எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு கோபம். பொய்யைக் கண்டால் வரும் கோபம் எல்லோருக்கும் உண்டு. அது எனக்கு முன்பே இருந்தது. நம் பக்கத்து உண்மைக்கு நாமே நொண்டிக் காரணம் சொல்லும்போது வருகிற கோபத்தை அவர்தான் கொடுத்தார். அதனால் எனக்கு நண்பர்கள் குறைந்திருக்கிறார்கள். போன வாரம்கூட ஸ்டாஃப் ரூமில் ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். இந்தக் கோபத்தை நான் விடுவதாக இல்லை.