எண்பத்து மூன்றாம் கார்டில் வேறொருவர் முகம்

வெர்னா கில்பியைக் கார்டு சேர்ப்பவர் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சேக்கிறது உங்க வேலை. நான் திருத்துறேன்" என்பார். ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தில், ஆட்டக்காரர்களின் படக் கார்டுகளைச் சேர்க்கும் எங்கள் வட்டாரத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. அவருக்கும் எங்கள் அத்தனை பேர்மேலும் கோபம். இரண்டில் எது நியாயமான கோபம் என்று விளங்க எனக்கு வருஷக்கணக்கில் ஆனது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் நான், எழுத்தாளன் இல்லை. ஆனால் இதை வேறு யாரும் எழுதப் போவதில்லை.

கோல்பர்ன் ஆற்றங்கரையில் பழத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கரூப்னாதான் அவர் ஊர். அந்த மண்ணின் பழங்குடிகளான யோர்ட்டா யோர்ட்டா இனத்துக் குடும்பம். பதினேழு வயதில் பழ டப்பா ஆலையில் சேர்ந்து, பீச் பழத்தில் கொட்டை நீக்கும் வரிசையில் முப்பது வருஷம் நின்றார். அவரைவிட இரண்டு வயது இளைய தம்பி க்ளைவ். பந்தை அணைத்துக்கொண்டு மைதானத்தின் ஓரமாக அவன் ஓட ஆரம்பித்தால், துரத்துகிறவர்கள் பாதியிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள். மெல்பர்னில் ஒரு பெரிய கிளப் அவனை அழைத்துக்கொண்டது. பதினோரு ஆட்டம் ஆடினான்.

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் காமிராக்காரர் ஒருவர் கிளப்புக்கு வந்து, ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். பபிள்கம் பாக்கெட்டில் வைக்கிற கார்டுகளுக்காக.

"என் படமும் வருதுக்கா. நம்பர் எண்பத்து மூணு" என்று க்ளைவ் தொலைபேசியில் சொன்னான்.

குளிர்காலம் தொடங்கியதும் கார்டுகள் கடைக்கு வந்தன. வெர்னா ஆலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் மூலைக்கடையில் பாக்கெட் வாங்கினார். வீட்டில் பபிள்கம் குவிந்தது, தெருப் பிள்ளைகள் எல்லாரும் வாயை அசைபோட்டுக்கொண்டே திரிந்தார்கள். ஐந்தாவது வாரம் எண்பத்து மூன்று கிடைத்தது. கடை வாசலிலேயே நின்று பிரித்துப் பார்த்தார்.

க்ளைவ் கில்பி என்று பெயர் சரியாக இருந்தது. பின்பக்கத்தில் உயரம், எடை, பிறந்த ஊர் எல்லாம் சரி. முகம்தான் அவனுடையது இல்லை. தாடி வைத்த, முப்பது வயது தாண்டிய ஓர் ஆள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கிளப்பில் ஆடிய டெஸ் ஹாலோவே. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நூங்கார் என்ற வேறொரு பழங்குடி இனத்தவர். க்ளைவுக்கு அப்போது மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. அந்த அணியில் கறுப்பர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேரைக்கூடப் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஹாலோவேயின் சொந்தக் கார்டிலும் ஹாலோவேதான் இருந்தார். க்ளைவ் எங்கேயுமே இல்லை.

க்ளைவ் சிரித்து மழுப்பப் பார்த்தான். "விடுக்கா, அவரு என்னைவிட லட்சணமாத்தான் இருக்காரு." ஆனால் அந்தக் கார்டை அவன் மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்ததை வெர்னா பார்த்தார்.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். இத்தனை கார்டுகள் அச்சிடும்போது சிறு பிழைகள் நேர்வது சகஜம், தங்கள் வருத்தத்துக்கு ஈடாக ஒரு பெட்டி பபிள்கம் அனுப்பியுள்ளோம் என்று பதில் வந்தது. வெர்னா அந்தப் பெட்டியைத் தன் செலவிலேயே திருப்பி அனுப்பினார். இரண்டாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. ஆலையில் ஒரு நாள் விடுப்பு எடுத்து, ரயிலேறி, மெல்பர்ன் ஆபீசுக்கே போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணிநேரம் கழித்து டை கட்டிய ஒருவர் வந்தார். வெர்னா க்ளைவின் போட்டோவையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அந்த ஆள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கோச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே இருக்காங்க?"

"அந்தக் கிளப்புல முப்பத்தஞ்சு வெள்ளைக்காரங்க இருக்காங்களே, அவங்கள்ல ஒருத்தன் மூஞ்சியாவது மாத்திப் போட்டீங்களா?"

"இல்ல, ஆனா..."

"அவங்க எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுறாங்க. நான் போட்டிருந்தாக்கூடச் சரியாப் போட்டிருப்பேன்."

வாசல் காவல்காரரைக் கூப்பிட்டு அவரை வெளியே அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம் க்ளைவின் முழங்கால் போயிற்று. ஊருக்குத் திரும்பி, பேரிக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தான், சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தான். தொண்ணூற்றொன்றில், முப்பத்தொன்பதே வயதில், மாரடைப்பில் செத்துப்போனான். உள்ளூர்ப் பத்திரிகை அரைப்பத்தி எழுதியது. படத்துக்கு எங்கே போவது என்று யாரோ தேடியிருக்கிறார்கள், கையில் கிடைத்தது அந்தக் கார்டு. அடக்கத்தன்று காலை, மகனின் மரணச் செய்தியில் தாடிவைத்த அந்நியரின் முகத்தைப் பார்த்து அவர்கள் அம்மா, "இது யாரும்மா?" என்று வெர்னாவைக் கேட்டார்.

பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. பழைய டிராக்டர் விளம்பரங்களுக்குக் கீழே, நாலு வரி.

அதற்குப் பிறகுதான் வெர்னா கார்டுகளைத் தேடி அலைய ஆரம்பித்தார். க்ளைவ் கிளப் சட்டையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி வேலியோரம் நிற்கும் படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் போட்டோவும் போட்டுத் தருகிற மருந்துக்கடையில் கொடுத்துக் கார்டில் உள்ள படத்தின் அளவுக்கே பிரதிகள் போடச் சொன்னார். எண்பத்து மூன்றாம் கார்டு எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கி, ஹாலோவேயின் முகத்துக்குமேல் தம்பியின் முகத்தை ஓரம் பிசகாமல் ஒட்டுவார். பாதியை வீட்டில் வைத்துக்கொண்டு, மீதியை வந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய், விற்பனை மேஜைகளில் உள்ள ஆல்பங்களில் சொருகிவிடுவார்.

நான் அவரைப் பார்த்தது ஷெப்பர்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கார்டுச் சந்தையில். என் மேஜையில் இரண்டு எண்பத்து மூன்றுகள் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அப்போது எங்களுக்கெல்லாம் கார்டுப் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம்.

"பக்கத்துக் கார்டெல்லாம் ரெண்டு டாலர். இது மட்டும் ஏன் நாப்பது?" என்று கேட்டார்.

"அது பிழைக் கார்டு ஆன்ட்டி. படம் மாறிப்போச்சு. அதான் கிராக்கி."

"ஓ. தப்புக்குத்தான் காசா?"

"சேக்கிறவங்க அதத்தான் தேடுவாங்க. ஒரு தமாஷ்தானே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என் தம்பிடா அது. என்ன தமாஷ் கண்ட அதுல?"

அந்தக் கார்டை வைத்து நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன், பீர் குடித்துக்கொண்டே எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். காசை மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனார். "உன் தானம் எனக்கு எதுக்கு?"

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் கார்டு சேர்ப்போர் சங்கத்தின் தலைவர் நெவில் க்ராடக். கார்டுகளின் விலைப்பட்டியல் புத்தகத்தை வருஷாவருஷம் போடுகிறவர். அடுத்த சந்தையில் கதவருகே வெர்னாவை வழிமறித்து நின்றார்.

"பொருள நாசம் பண்றவங்களுக்கு இங்க இடம் கிடையாதும்மா. இருபது வருஷத்துச் சரக்கு. அதுமேல பசையத் தடவுறியே, மனசாட்சி இருக்கா?"

"எனக்கா மனசாட்சி இல்ல? செத்தவன் மூஞ்சிய மறைச்சு வச்சு விக்கிற, நீ என்கிட்ட மனசாட்சியப் பத்திப் பேசுறியா?"

"சரித்திரத்துல நடந்தது நடந்ததுதான். அத மாத்தக் கூடாது."

"அவன் பொறந்து வளந்து ஆடுனதும் சரித்திரந்தான்யா!"

தடை போட்டுவிட்டார்கள். நானும் அன்று அங்கேதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

மறுவருஷம் நெவில் ஒரு காரியம் செய்தார். ஷெப்பர்டன் சந்தைக்கு டெஸ் ஹாலோவேயையே மேற்கிலிருந்து வரவழைத்தார். கையெழுத்து ஒன்றுக்குப் பத்து டாலர். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்: புகழ்பெற்ற எண்பத்து மூன்றாம் பிழைக் கார்டிலும் கையெழுத்திடுவார்! இதைப் படித்ததும் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. வெர்னா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க ஆன்ட்டி. என் மேஜைக்கு ரெண்டு நாற்காலி உண்டு. யாரு தடுக்கிறான்னு பாப்போம்."

"இப்பதான் ஒனக்கு வாய் மொளச்சுதா லெஸ்?" என்றார். ஆனால் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கதவில் நெவில் எங்களைப் பார்த்தார். நான் நின்று அவர் முகத்தையே பார்த்தேன். என்ன நினைத்தாரோ, நகர்ந்துகொண்டார்.

ஹாலோவே நரைத்த தாடியோடு மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். தன் கார்டு நாலைந்தில் கையெழுத்துப் போட்டார். ஆறாவது ஆள் எண்பத்து மூன்றை நீட்டினான். ஹாலோவே பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுல நான் போட மாட்டேன்."

நெவில் பதறி ஓடி வந்தார். "அதுக்குத்தானே உங்கள இவ்வளவு தூரம் வரவழைச்சோம்! படம் உங்களோடதுதானே?"

"படம் என்னோடது. பேரு க்ளைவோடது. ஒரே ரூம்ல தங்கியிருந்தோம்யா நாங்க. அவன் செத்துட்டான். அவன் பேருக்கு மேல நான் கையெழுத்துப் போடணுமா?"

"விளம்பரத்துல போட்டாச்சே..."

"என்னக் கேட்டா போட்டீங்க?"

வெர்னா எழுந்து வரிசையைத் தாண்டிப் போய் அவர் எதிரே நின்றார். கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். திருத்திய கார்டு. ஹாலோவே அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நீ வெர்னாதானே? அவன் எப்பவும் ஒன்னப் பத்தியே பேசிட்டிருப்பான். இருபது வருஷமா தெருவுல என்ன க்ளைவ்னு கூப்பிடுறானுங்க தங்கச்சி. நீங்கெல்லாம் என்மேல கோவமா இருப்பீங்கன்னு நெனச்சு, அடக்கத்துக்குக்கூட வரல நான்."

"ஒங்க மேல என்னண்ணே கோவம்? ஒங்க மூஞ்சியத் திருடித்தானே அவன் மேல ஒட்டுனாங்க."

ஹாலோவே ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார். எண்பத்து மூன்று கொண்டுவந்தவர்களிடம், "கையெழுத்து வேணும்னா முதல்ல இவ ஒட்டட்டும். அப்புறம் பின்பக்கத்துல போடுறேன்" என்றார். ஒன்பது பேர் ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்கள். நெவில் மண்டபத்துச் சமையலறைக்குள் போனவர் சந்தை முடியும்வரை வெளியே வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அடுத்த வருஷம் விலைப்பட்டியல் வந்தது. எண்பத்து மூன்றுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: "83அ. கையால் திருத்தப்பட்டது. மிக அரிது. நூற்றிருபது டாலர்." வெர்னாவின் பசையையும் கத்திரியையும் அவர்கள் சரக்காக்கிவிட்டார்கள். சிட்னியிலிருந்தெல்லாம் வியாபாரிகள் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, பின்னால் கையெழுத்துப் போட்டு அசல் என்று உறுதி தருவீர்களா என்று கேட்டார்கள். அவர் அந்தப் புத்தகத்தை என் மேஜையில் ஓங்கி அடித்தது இன்னும் காதில் கேட்கிறது.

"தப்பா இருந்தாலும் விக்கிறீங்க, திருத்துனாலும் விக்கிறீங்க. என் தம்பி எப்பதான்டா மனுஷனா இருப்பான் ஒங்களுக்கு?"

வீட்டில் திருத்தி வைத்திருந்த கார்டுகள் நாற்பத்தொன்று. ஒரு சனிக்கிழமை அத்தனையையும் ஷூ பெட்டியில் போட்டுக்கொண்டு கரூப்னா மைதானத்துக்கு வந்தார். அன்று பதிமூன்று வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம். இடைவேளையில் ஆரஞ்சுத் துண்டுகளைச் சப்பிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

"உறையில போட்டு வைக்காதீங்க. பாக்கெட்ல வைங்க, மாத்திக்குங்க, செவத்துல சுண்டி வெளையாடுங்க, சைக்கிள் கம்பியில சொருகுங்க. கசங்கட்டும். கசங்குனாத்தான் அந்தக் கார்டு விக்கிற பயலுங்க வாங்க மாட்டானுங்க."

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? கால்மணி நேரத்தில் இறைச்சி அப்பம் விற்கும் கடைச் சுவரோரம் கார்டுகள் சுண்டப்பட்டன. தக்காளிச் சாஸ் பட்டது, சேற்றில் விழுந்தது, ஒருவன் முனையைக் கடித்தே விட்டான். வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான் க்ளைவ், நாற்பத்தொரு இடத்தில். நாங்கள் சிறுவயதில் எங்கள் ஆட்டக்காரர்களை எப்படி வைத்திருந்தோமோ அப்படி.

செய்தி எப்படியோ எட்டி, இரண்டாவது பாதி தொடங்குவதற்குள் நெவில் காரில் வந்து இறங்கினார். சேறுபடாத கார்டு ஒன்று ஒரு பெண்பிள்ளையின் காலுறையில் செருகியிருந்ததைக் கண்டுபிடித்து, குனிந்து பர்ஸைத் திறந்தார்.

மைதானத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து வெர்னாவின் குரல் வந்தது. அந்தக் குரலுக்கு நடுவரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"நெவில்! அவ கால்லேருந்து கைய எடுத்துட்டு கார்ல ஏறுறியா, இல்ல நான் வரட்டுமா?"

நெவில் பர்ஸை மூடினார். அந்தப் பெண் காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பந்தை நோக்கி ஓடினாள்.