ரோட்டர்டாமில் நான் சாப்பிடாத ஹோட்டல்கள்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், போர்ட் லூயியில் என் ஆபீஸ் மேஜைக்கு எதிரே ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். கையில் குடை, தோளில் பெரிய பை.

"மிஸ்யே, பேப்பர்ல வாரா வாரம் எழுதுறது நீங்கதானே?"

நம் மோரிஷஸ் தீவில் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர்களே கொஞ்சம் பேர். அதில் ஒருவர் தேடிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். டீ சொல்லி அனுப்பினேன். முகத்தில் ஒரு எழுத்தாளக் களையைக்கூட வரவழைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

பெயர் காமாட்சி. ஊர் சென்ட்ர் டி ஃப்ளாக். நர்ஸ். ஒரு மிஷன் ஏற்பாட்டில் ஆறு மாதம் ரோட்டர்டாமில் பயிற்சி முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வீட்டில் எல்லாரையும்போல கிரியோல் பேச்சுதான். ஆனால் கோவில் வகுப்பில் கற்ற தமிழை விடவில்லை. இந்தப் பத்தியை எழுத்துக் கூட்டிப் படித்து, அப்பாவுக்குக் கிரியோலில் சொல்வாராம். என்னிடம் பேசியதும் பாதி தமிழ், பாதி கிரியோல். நான் தமிழாக்கித் தருகிறேன். 'மிஸ்யே' மட்டும் இருக்கட்டும்; 'ஐயா' என்று மாற்றினால் அவர் குரல் போய்விடும்.

"ஹாலந்து போறப்ப உங்க பத்தியை வெட்டி எடுத்துட்டுப் போனேன், மிஸ்யே. 'ரோட்டர்டாமில் எங்கே சாப்பிடலாம்?' அஞ்சு இடம் எழுதியிருந்தீங்களே..."

"ஆமாம், ஆமாம்! எப்படி இருந்தது?"

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அந்த அஞ்சுல எத்தனை இடத்துல நீங்க சாப்பிட்டீங்க, மிஸ்யே?"

டீ வந்தது. நல்லவேளை, நான் குனிந்து சர்க்கரை போட ஆரம்பித்தேன்.

வாசகர்களே, பத்திரிகையின் மற்றப் பக்கங்களில் தேர்தலும் சுதந்திரமும் கொதித்துக்கொண்டிருக்கின்றன. இந்த மூலையிலாவது சிரிக்கலாம் என்று வந்திருப்பீர்கள். மன்னிக்கவும். இன்று நான் ஒரு பழைய பொய்யை வெளியே எடுத்து வைக்கப்போகிறேன்.

அந்த ஐந்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நான் உட்கார்ந்தேன். அங்கேயும் ஒரு காபியோடு சரி.

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் என்னைத் துறைமுகக் கணக்கு வழக்குப் பயிற்சிக்காக மூன்று மாதம் ரோட்டர்டாமுக்கு அனுப்பியது. ஜனவரி மாதம். கிளம்பும்போது என் மனைவி ஒன்றுதான் சொன்னாள். "காவடிக்கு ஊர்ல இருக்க மாட்டீங்க. பத்து நாள் விரதமாவது இருங்க." தலையாட்டிவிட்டு வந்தேன். நம் ஊரில் அது பெரிய விஷயமா? மீன், முட்டை, மாமிசம் கிடையாது, அவ்வளவுதானே.

ரோட்டர்டாமில் விரதம் இருந்து பாருங்கள்!

பட்டாணி சூப் என்று ஆசையாக வாங்கினேன். கரண்டியை நட்டால் நிற்கும், அத்தனை கெட்டி. அடியில் வட்ட வட்டமாகப் பன்றி இறைச்சி. தெருமுனையில் பச்சை மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து அப்படியே விழுங்குகிறார்கள். இன்னொரு இடத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள் — காசைப் போட்டால் கதவு திறக்கும், உள்ளே சுடச்சுட ஒரு பொரித்த உருண்டை. "உள்ளே என்ன?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "மாமிசம்!" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

பெரிய ஹோட்டல்களின் வாசலில் மெனுவை ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருப்பார்கள். உள்ளே போகத் தைரியம் இல்லை. வெளியே நின்று, டச்சு வார்த்தைகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். அறைக்குப் போய் அகராதியில் பார்க்கலாம் என்று. ஆற்றங்கரையில் ஒரு ஹோட்டல்... மழை. எழுதிக்கொண்டிருக்கிறேன். கறுப்புக் கோட்டுப் போட்ட பணியாள் ஒருவர் குடையோடு வெளியே வந்தார்.

"உள்ளே வருகிறீர்களா, சார்?"

"நண்பருக்காகக் காத்திருக்கிறேன்" என்றேன்.

அவர் உள்ளே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? இல்லாத நண்பருக்காக அந்தக் குளிரில் கால் மணி நேரம் நனைந்தேன்.

மூன்று நாள் ரொட்டியும் சீஸும். நான்காம் நாள் வேலை முடிந்து துறைமுகப் பக்கமாக நடந்து வந்தேன். சீனர்களின் கடைகளைத் தாண்டி, ஒரு வீட்டு ஜன்னலில் கையால் எழுதிய பலகை — 'சுரினாம்'.

நான் பிறந்தது சுரினாமில்! சூயாக் பக்கத்தில், கரும்புக்காட்டுக்கு நடுவில் இருக்கிற நம் சுரினாமில். கதவிடுக்கிலிருந்து சீரகம் தாளிக்கிற வாசனை வேறு. நான் யோசிக்கவே இல்லை. கதவைத் திறந்து உள்ளே போய்விட்டேன்.

வீட்டின் முன்னறைதான் கடை. நான்கு மேஜை. ஒரு அம்மாள் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். "நானும் சுரினாம்தான்" என்றேன் இங்கிலீஷில். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஜில்லா என்று கேட்டார். சூயாக் பக்கம் என்றேன். அவர் உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டார். "நம்ம நாட்டுல சூயாக்னு ஒரு இடம் இருக்கா?"

குழப்பம் தீரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவருடைய சுரினாம் தென் அமெரிக்காவில் ஒரு நாடு, டச்சுக்காரர்களிடம் இருப்பது. என் சுரினாம் ஒரு கிராமம். இரண்டிலும் கரும்பு. இரண்டுக்கும் கப்பலில் ஆள் கொண்டுவந்தார்கள்.

அவர் புருஷனிடம் பேசிய மொழிதான் என்னை உலுக்கியது. அப்படியே நம் போஜ்புரி, பீகாரிலிருந்து கப்பலேறியவர்களின் பேச்சு! எங்கள் கிராமத்தில் அக்கம்பக்கம் எல்லாம் அதுதான். சின்ன வயதில் தண்ணீர்பட்ட பாடாகப் பேசியிருக்கிறேன். போர்ட் லூயி வந்து, கவர்மென்ட் வேலையில் சேர்ந்த பிறகு... பஸ் ஸ்டாண்டில் யாராவது போஜ்புரியில் வழி கேட்டால்கூடப் புரியாத மாதிரி நின்றிருக்கிறேன். அந்த முன்னறையில் அது தானாக வாயில் வந்தது.

அந்த அம்மாள் பெயர் சுக்தேயி. என்னைப் 'பாயி' என்று, அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிட்டார்.

"பாயி, உங்க தாத்தா என்ன வேலைக்கு மோரிஷஸ் வந்தார்?"

போர்ட் லூயியில் இந்தக் கேள்விக்கு என்னிடம் ரெடிமேட் பதில் உண்டு. "பாண்டிச்சேரி. ஜவுளி வியாபாரம்." என் மாமனார் வீட்டார் நிஜமாகவே பாண்டிச்சேரியிலிருந்து வந்த பழைய வியாபாரக் குடும்பம். அவர்களுக்கு நடுவில் வேறு எதைச் சொல்ல?

அங்கே சொன்னேன். "கரும்பு வெட்ட. ஒப்பந்தக் கூலியா."

வாழ்க்கையில் முதல் தடவை.

"எங்க தாத்தாவும்தான்" என்றார். இன்னொரு ரொட்டியைத் தட்டில் போட்டார். அவ்வளவுதான்! வானம் இடிந்து விழவில்லை.

விரதம் என்றதும் எனக்குத் தனிச் சட்டி வைத்தார். மாமிசம் படாத புதுக் கரண்டி வாங்கினார். பருப்பு, பூசணிக்காய், உருளைக்கிழங்குக் கறி. பூசத்தன்று பாலும் அரிசியும் போட்டுப் பாயசம் காய்ச்சி, "உங்க சாமிக்கு இது ஆகுமா?" என்று கேட்டார். விரதம் முடிந்த பிறகும் தினம் சாயங்காலம் அங்கேதான். அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊர் குளிரவில்லை.

கிளம்புகிற அன்று சொன்னேன். "நான் பத்திரிகையில் எழுதுகிறவன். ரோட்டர்டாமைப் பற்றி எழுதும்போது முதல் இடம் உங்கள் கடைக்குத்தான்." சுக்தேயி கையைத் துடைத்துக்கொண்டு, புருஷனைக் கூப்பிட்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

சொன்னேன்.

வெளியூரில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஊருக்கு வந்து அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு பாரா ஓடியது. அந்தப் பக்கமாக வந்த என் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பருப்பும் ரொட்டியும் சாப்பிடவா உங்களை அவ்வளவு தூரம் அனுப்பினாங்க?" விளையாட்டுக்குத்தான் சொன்னாள், அவள்மேல் பழி போடவில்லை. பயந்தது நான். மைத்துனர் படிப்பார். ஆபீஸில் படிப்பார்கள். அந்த அம்மாளைப் பற்றி எழுதினால், எப்படிப் பழக்கம் ஆனது என்று எழுத வேண்டும். கரும்பு வெட்டிய தாத்தாவும் கூடவே வந்து நிற்பார்.

அந்தத் தாளைக் கிழித்தேன். மெனு எழுதிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

உங்களுக்கு அந்தப் பத்தி ரொம்பப் பிடித்திருந்தது. இங்கே பீனிக்ஸ் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் ஆற்றங்கரை ஹோட்டலைப் பற்றிக் கேட்டார்கள். மேஜை விரிப்பின் நிறம் வரைக்கும் சொன்னேன்!

இப்போது மறுபடி காமாட்சி.

"முதல் வாரமே ரெண்டு சிநேகிதிகளோட அந்த ஆத்தங்கரை ஹோட்டலுக்குப் போனேன், மிஸ்யே. வெள்ளிக்கிழமை. நான் வெள்ளிக்கிழமை சுத்த சைவம். 'வாயில் கரையும் காய்கறி'ன்னு சொல்லி ஒரு டச்சுப் பேரு எழுதியிருந்தீங்க. அதையே காட்டிக் கேட்டேன்."

"என்ன வந்தது?"

"விலாங்கு மீன்."

அகராதியில் அந்த வார்த்தை எனக்கு அகப்படவில்லை. குத்துமதிப்பாக எழுதியிருந்தேன்.

"சிநேகிதிங்க சிரிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பட்டினியா எழுந்து வந்தேன். அது போகட்டும், மிஸ்யே. நான் வந்தது அதுக்கு இல்ல."

ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் யாரோ அவரை சுக்தேயியின் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மோரிஷஸ் என்றதும் சுக்தேயி அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாராம். "எங்க பாயி ஒருத்தர் அங்கே பேப்பர்ல எழுதுறவர். எங்களைப் பத்தி எழுதுறேன்னார். எழுதினாரா?"

"பத்தி என் பையிலதான் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அவங்களுக்குத் தமிழ் தெரியாதே! 'இதுல நாங்க எங்கே இருக்கோம்?'னு கேட்டாங்க. அயோ, மிஸ்யே... நான் என்ன செய்வேன்? முதல் பாராவுல விரலை வெச்சு, 'இதோ'ன்னேன்."

முதல் பாரா — ஆற்றங்கரை ஹோட்டல்.

"'படி'ன்னாங்க. தமிழ்ல படிச்சேன். அர்த்தம் கேட்டாங்க. 'ரோட்டர்டாமிலேயே நல்ல ரொட்டி இங்கேதான்'னு நானே கட்டிச் சொன்னேன். அவங்க புருஷன் அதை வாங்கிக் கண்ணாடி போட்டுச் சுவர்ல மாட்டிட்டார். வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறாங்க."

டீக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நோயாளிக்குத் தைரியம் சொல்லக்கூட நான் பொய் சொன்னதில்ல. உங்களுக்காகச் சொன்னேன். மீதி அஞ்சு மாசமும் அதுக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்."

எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீயைத் தொடவில்லை.

என்ன செய்வது? முதலில் தோன்றியது — விட்டுவிடலாம். அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்? அந்த அம்மாளின் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்? இரண்டு நாள் இது எனக்குக் கருணை மாதிரியே தெரிந்தது. மூன்றாம் நாள், சென்னையிலிருந்து அந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் போகுமே என்று நினைப்பு வந்தது. தமிழ் மாலுமி ஒருவன் பசியோடு உள்ளே வந்து, சுவரைப் பார்த்தால்? மாட்டிக்கொள்வேனே என்று பயம் வந்தது. அப்போது தெரிந்தது, அது கருணை இல்லை என்று.

அன்றே இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். நான்கு தடவை கிழித்தேன். ஐந்தாவதில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். சுவரில் இருப்பது என்ன, நான் கிழித்த தாளில் இருந்தது என்ன, ஏன் கிழித்தேன், காமாட்சிமேல் தப்பே இல்லை — எல்லாம்.

தபாலில் போடுவதற்கு முன் மனைவியிடம் கொடுத்தேன். வாசித்து முடித்து மடித்துத் தந்தாள்.

"உங்க தாத்தா சங்கதி எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"பொண்ணு கொடுக்கிறதுக்கு முன்னாடி அப்பா சுரினாம் போய் விசாரிக்க மாட்டாரா? உங்களுக்குச் சொல்லப் பிடிக்கலன்னு நாங்களும் கேட்கல."

பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பாண்டிச்சேரி ஜவுளிக்கடைக் கதை சொல்லியிருக்கிறேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்! மைத்துனர் ஒரு தடவை கடை எந்தத் தெருவில் என்றுகூடக் கேட்டார்... அன்று முழுக்க என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. சுக்தேயி சொல்லச் சொல்ல மகள் எழுதியது. நீளமில்லை.

"பாயி, கடிதம் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கு ரொம்பக் கோபம். ஒன்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். எங்கள் வீட்டில் சாப்பிட்டபோதே எங்களை நினைத்து வெட்கப்பட்டீர்களா? இல்லை, ஊருக்குப் போன பிறகா? சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றிவிட்டோம். ஆணியைப் பிடுங்கவில்லை."

சாப்பிடும்போது இல்லை, அம்மா. ஊருக்கு வந்த பிறகுதான். அதுதான் இன்னும் மோசம்.

ஆகவே வாசகர்களே, பழைய பத்தியை வெட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தூர எறியுங்கள். ரோட்டர்டாம் போகிறவர்களுக்கு நான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான். துறைமுகப் பக்கம், சீனர்களின் கடைகளைத் தாண்டி இடது கையில், நான்கு மேஜை போட்ட முன்னறை. கடைக்காரர் உங்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்பார். கூசாமல் சொல்லுங்கள்.

இன்றைய பத்தியை வெட்டி அனுப்பப்போகிறேன். மாட்டுவதும் மாட்டாததும் அவர்கள் இஷ்டம். கூடவே ஒரு மொழிபெயர்ப்பும் அனுப்ப வேண்டும் —

காமாட்சி, இதைப் படிக்கிறீர்களா? நீங்களே செய்து கொடுங்கள். இந்தத் தடவை எழுதியிருக்கிறதை அப்படியே சொன்னால் போதும்.